நாணலுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 4

அண்ணா,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கொஞ்ச நேரத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறோம். போன தடவை நீ பாதியில் வைத்தாய். அதற்கு முந்தின தடவை நான். “உங்க ரெண்டு பேருக்கும் காகிதந்தான் சரி. அதுலதான் குறுக்க பேச முடியாது” என்று அண்ணி சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கடிதம். வெளியூர்ப் படகுப் பட்டறையில் கிரீஸ் கையோடு பிரித்துப் படிப்பாய் என்று தெரியும், பரவாயில்லை.

உன் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஏரி. கூட்டம் வராத மாதங்களில் இந்த ஊரைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. மிதிபடகுகளைக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். டிக்கெட் கூண்டின் மேல் ஒரு பூனை நாள் முழுக்கத் தூங்குகிறது. யாரோ பாதி கனவில் எழுந்து போய்விட்டு, கனவை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

“படம் போடறதுக்கு எதுக்குடி யுனிவர்சிட்டி?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போனை வைத்தாய். இப்போது பதில் சொல்கிறேன். போன வருடம் இதே தெருக்களில் கேள்வித்தாளோடு அலைந்தேன். சுற்றுலாவால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாற்றம் என்று கேட்டேன். “நல்லதுதாங்க, நாலு பேரு வந்தாத்தான் நமக்கும் பிழைப்பு” என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். திரும்பப் போய்ப் படித்துப் பார்த்தால், மொத்த ஊரும் ஒரே வாயால் பேசியது போல இருந்தது.

ஒரே ஒரு பெண் மட்டும், ஓட்டலில் அறை சுத்தம் செய்பவள், என் கேள்விகள் எப்போது முடியும் என்று காத்துக்கொண்டே தாளின் ஓரத்தில் ஒரு ஜன்னலைக் கிறுக்கியிருந்தாள். பாதி திரை மூடிய ஜன்னல். என்ன என்று கேட்டேன். “நான் துடைக்கிற ரூம். இங்கருந்து பாத்தா ஏரி தெரியும்னுதான் அந்த ரூமுக்கு அவ்வளவு வாடகை. ஆனா நான் திரையை மூடிட்டுத்தான் துடைக்கணும். வெயில் பட்டா கண்ணாடியில கோடு விழுந்துடும்.” என் கேள்வித்தாளில் அந்தப் பதிலை எழுத ஒரு கட்டம்கூட இல்லை அண்ணா. அன்றைக்குத்தான் கேள்வி கேட்பதை நிறுத்தி, கூட உட்கார்ந்து வரைவது என்று முடிவு செய்தேன்.

ஏரிக்கரை ஓட்டலில் சாப்பாட்டுக் கூடம் சும்மாதான் கிடக்கிறது; கொடுத்துவிட்டார்கள். அண்ணி, அந்த ஓட்டலில் தான் பார்த்துக்கொள்ளும் துணி அறையிலிருந்து கழித்துக் கட்டிய படுக்கை விரிப்புகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தைத்து, கூடத்தின் தரையளவுக்கு ஒரே துணியாக்கிக் கொடுத்தார். ஊர்க்காரர்கள், வேலைக்காரர்கள், தங்கியிருக்கும் பயணிகள் எல்லோரும் சேர்ந்து அதில் இந்த ஊரை வரையப் போகிறோம். நானும் வரைவேன். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். அதைக் கேட்பதுதான் என் ஆராய்ச்சி. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

தங்கை

*

ஜூன் 11

வாலுக்கு,

சிரித்தேன். பக்கத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் என்னவென்று கேட்டார். என் தங்கை பெட்ஷீட்டை வைத்து டாக்டர் ஆகப் போகிறாள் என்றேன்.

இங்கே என் புதுப் படகு, பெரியவள், உருவாகிக்கொண்டிருக்கிறாள். பழைய படகு சின்னவளின் மோட்டார் கயிற்றை இழுத்து இழுத்து எனக்குத் தோள்பட்டை போய்விட்டது, இவள் அப்படியில்லை. மேலே ஒரு தளம், சுற்றிலும் உட்கார இருக்கை, அடி தட்டை. சத்தமே வராத மோட்டார். ஆழமில்லாத தண்ணீரிலும் பூனை மாதிரி நழுவிப் போவாள். ராத்திரி படுத்தால் இவள்தான் கண்ணுக்குள் மிதக்கிறாள்.

ஒரே ஒரு குறைதான். ஓட்டல் மேலாளர் போன வாரம் பேசினார். புதிதாக ஏதாவது ஓர் இடம் காட்டினால் அவருடைய விருந்தாளிகள் எல்லோரையும் என் படகுக்கே அனுப்புவாராம். அவர் கேட்பதும் நியாயம்தான். எல்லாப் படகும் அதே அருவி, அதே பறவை மரம், அதே எதிரொலிப் பாறை. பாறையிடம் போய்க் கத்திக் கத்தி எனக்கே அலுத்துவிட்டது, பாறைக்கும் அலுத்திருக்கும். உன் பெட்ஷீட்டில் யாராவது நல்ல இடமாக வரைந்தால் எனக்கும் சொல்.

உன் அண்ணி எப்படி இருக்கிறாள்? போன் செய்தால் “ம்”, “சரி”, “சாப்டீங்களா”. அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். கவலைப்படாமல் சாப்பிடச் சொல்.

அண்ணன்

*

ஜூன் 20

அண்ணா,

இந்த வாரம் முழுக்க நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே புரியவில்லை.

தரை முழுக்கத் துணி. வேலை முடிந்ததும் பெண்கள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். யாருடைய தெரு எங்கே முடிகிறது என்று வரைமுறையே இல்லை. ஒருத்தி போட்ட கூரைக்கு மேல் இன்னொருத்தியின் மீன் நீந்துகிறது. பயணிகளைப் படம் எடுக்கும் போட்டோக்காரர் தினமும் வருகிறார்; மனிதர்களை வரையவே மாட்டேன் என்கிறார். “வருஷம் பூரா மூஞ்சியாப் பாத்தாச்சு. விடுங்க, நான் ஒரு மரம் போட்டுக்கறேன்.” ஊருக்கெல்லாம் மரம் அவர்தான். பயணமாக வந்த வயதான தம்பதி, தாங்கள் தங்கிய அறையின் கதவை மட்டும் பெரிதாக வரைந்தார்கள். “ஊரைச் சுத்திப் பாக்கத்தான் வந்தோம். இவருக்குக் கால் வீங்கிடுச்சு. எங்களுக்கு ஊர்னா இந்தக் கதவுதான்” என்றார் அந்த அம்மா. அறை துடைக்கும் பெண் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கதவின் வெளிப்பக்கத்தில் வாளியோடு நிற்கும் தன்னை வரைந்தாள். அதுவரை அவர்கள் ஒருவருக்கொருவர் பேசியதில்லை.

அண்ணியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். விரிப்பு ஒன்றின் தையல் விட்டுப்போனது என்று ஊசியோடு வந்தவர், தைத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தூரிகையை எடுத்து வெள்ளையில் தோய்த்தார்.

“வெள்ளைத் துணியில வெள்ளையா அண்ணி? ஒண்ணும் தெரியாதே.”

“தெரியாமத்தான் இருக்கும். அங்க அப்படித்தான்.”

பிறகு அந்த வெள்ளையைச் சுற்றி லேசாகச் சாம்பல் நிறம். ஓரத்தில் நாணல். நாணலுக்கு நடுவே ஒரு சப்பைப் பாறை. கூடம் மெல்ல மெல்ல அமைதியானது. ரெட்டைப்பின்னல் என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த பணிப்பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க்கா, அதையா போடறே?”

“போட்டா என்ன. துணிதானே.”

அப்புறம் யாரோ ஒருத்தி சிரித்தாள். ஒவ்வொருத்தியாக நகர்ந்து வந்து அந்தப் பாறைமேல் தன்னைச் சின்னதாகப் போட்டுக்கொண்டாள். ஒருத்தி கால் நீட்டிப் படுத்தபடி. ஒருத்தி தலையை அவிழ்த்துப் போட்டபடி.

மறுநாள் விடிவதற்கு முன் என்னையும் அழைத்துப் போனார்கள். கரையோரமாகவே நடந்து, ஏரி கை மடக்குவதுபோல உள்ளே மடங்கும் இடத்தில், நாணலை விலக்கி இறங்கினோம். பனி மூட்டம். எதிரே இருப்பவள் முகம்கூடத் தெரியவில்லை. குரல் மட்டும் தண்ணீர்மேல் மிதந்து வந்தது. அங்கே அவர்கள் ஒன்றும் செய்வதில்லை அண்ணா. தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கொஞ்சம் தூங்குகிறாள். ஓட்டலில் முதல் மணி அடிக்கும்வரை யாரும் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பனிக்குள்ளிருந்து யாரோ பாடினார்கள். வார்த்தையே இல்லாத ஒரு இழுப்பு. நல்ல குரல் என்று சொல்ல மாட்டேன். யார் என்று பார்த்தால் அண்ணி.

நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. உன் வீட்டில் வாய் திறக்காத மனுஷி அங்கே பாடுகிறார்.

தங்கை

*

ஜூன் 26

வாலு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. முதலில் கோபம் வந்தது. ஏன் என்று கேட்காதே. ஒரே வீடு, ஒரே ஏரி. நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து போய்ப் பாடிவிட்டு வந்து எனக்கு டீ போட்டிருக்கிறாள். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் வேறொன்று தோன்றியது. ஏரி மடங்கும் இடம் என்றாயே, வடக்கு வளைவுதானே? அங்கே எந்தப் படகும் போகாது. நாணல் மோட்டாரில் சுற்றிக்கொள்ளும். ஆனால் பெரியவள் போவாள்! அடி தட்டை, சத்தமில்லை. விடியற்காலை, மூட்டம், தண்ணீர்மேல் ஒரு பாட்டு. மேலாளரிடம் போனில் சொன்னேன். எழுந்து நின்று கை கொடுக்காத குறைதான். “பனிப் பயணம்” என்று பெயர்கூட வைத்துவிட்டார். விளம்பரப் பலகைக்குச் சொல்லியாகிவிட்டது. அந்தத் துணியை வரவேற்பறையில் மாட்டினால் வருகிறவர்கள் பார்த்ததும் கேட்பார்கள் என்கிறார். உன் ஆராய்ச்சிக்கும் பெயர்.

பெண்கள் பயப்பட வேண்டாம். பக்கத்தில் போக மாட்டோம். தூரத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

அண்ணன்

*

ஜூலை 2

அண்ணா,

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

முதல் நாளே அவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான். இந்தத் துணியில் எதை வரைந்தாலும், நாம் எல்லோரும் சரி என்று சொல்லும்வரை அது இந்தக் கூடத்தை விட்டு வெளியே போகாது. அந்த வாக்கை நம்பித்தான் அண்ணி தூரிகையை எடுத்தார். நான்தான் அதை உறையில் போட்டு உனக்கு அனுப்பினேன். நீ நல்ல இடம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். விளையாட்டாகச் சொல்கிறாய் என்று நினைத்துவிட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயை அடக்கத் தெரியாதவளாகிப் போனது நான்தான்.

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். மடித்த விரிப்புகளுக்கு நடுவே நின்று படித்தார். படித்துவிட்டு, “தூரத்துலருந்து பாப்பாங்களாம்” என்றார். அவ்வளவுதான். மறுபடி மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு நாள் கூடத்துக்கு யாரும் வரவில்லை. பெரிய துணியில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் எல்லோருமாக வந்தார்கள். ரெட்டைப்பின்னல் கேட்டாள்: “பச்சை எவ்வளவு இருக்கு?” இருந்த டப்பா எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். உட்கார்ந்து அந்தப் பாறைமேல் நாணல் வரைந்தார்கள். துளி இடம் விடாமல், அடர்த்தியாக. முதலில் பாறை மறைந்தது, அப்புறம் படுத்திருந்தவள், தலையவிழ்த்தவள். அண்ணி கடைசியாக அந்த வெள்ளையை மூடினார். நான் பக்கத்தில் இருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கூட வரையவும் சொல்லவில்லை.

மூடுவதற்கு முன்னால் எடுத்த போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. பேராசிரியருக்கு அனுப்பினால் இந்த வருட ஆராய்ச்சியில் இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை

*

ஜூலை 9

அண்ணா,

நீ பதில் எழுதவில்லை. கோபமாக இருப்பாய்.

போட்டோவை அழித்துவிட்டேன். அழித்துவிட்டேன் என்று போய்ச் சொன்னதற்கு ரெட்டைப்பின்னல், “அழிச்சதை எப்படிக் காட்டுவே?” என்றாள். காட்ட முடியாதுதான். இனி என் வார்த்தைதான். அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊருக்குள் பலகை வைத்துவிட்டார்கள். பனிப் பயணம், விரைவில். டிக்கெட் கூண்டின் பக்கத்திலேயே. அண்ணி தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். விடியலில் எழுந்திருப்பதை நிறுத்திவிட்டார். நேற்று நான் கண் விழித்தபோது சமையலறையில் விளக்கைப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

தங்கை

*

ஜூலை 17

வாலு,

கோபத்தில்தான் எழுதவில்லை. உன்மேல், அவள்மேல், எல்லார்மேலும். வருகிறவர்கள் இல்லாவிட்டால் அந்த ஓட்டலும் இல்லை, அவர்கள் வேலையும் இல்லை, என் படகும் இல்லை. எல்லாவற்றையும் மூடி மூடி வைத்தால் எப்படிப் பிழைப்பது? இதை எழுதி அனுப்பத்தான் போன வாரம் உட்கார்ந்தேன்.

அதற்குள் பெரியவளைத் தண்ணீரில் இறக்கினோம். பட்டறைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆறு. சத்தம் வருகிறதா என்று பார்க்க விடியற்காலையிலேயே எடுத்தோம். நான், வெல்டிங் செய்பவர், அவருடைய கூட்டாளிகள் கொஞ்சம் பேர். உண்மையாகவே சத்தமில்லை. பனிக்குள் போகிறோமா, பனி எங்களுக்குள் வருகிறதா என்று தெரியாத மாதிரி மிதந்தது. இவ்வளவு அழகாக ஒரு படகு போய் நான் பார்த்ததில்லை.

ஒரு திருப்பத்தில் கரை தெரிந்தது. பட்டறை ஆட்களின் குடும்பங்கள் போல. ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் கல்லில் உட்கார்ந்து சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாததால் நாங்கள் கிட்டே வந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு அது தெரியாது. என்னவோ போல இருந்தது. அப்புறம் அந்த ஆள் நிமிர்ந்தார். திட்டவில்லை, கையை ஆட்டவில்லை. வழி விடுகிறவர் மாதிரி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார். அந்தப் பெண்ணும் போய்விட்டாள். கரை காலியாகிவிட்டது.

கூட வந்தவர் “நல்ல இடம்ண்ணே” என்றார். எனக்கு அதில் ஒன்றும் நன்றாகத் தெரியவில்லை. வெறும் கல்.

இத்தனை வருடம் படகிலிருந்து கரையைப் பார்த்தே பிழைத்தவன். அவர்கள் எழுந்து போவதை இதுவரை பார்த்ததே இல்லை. சின்னவளின் சத்தம் முன்னாடியே போய் எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிட்டிருக்கும். நான் போய்ச் சேரும்போது இடம் சுத்தமாக இருந்திருக்கும்.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். வடக்கு வளைவு கிடையாது. “அப்ப உங்க படகும் எங்களுக்குக் கிடையாது” என்றார். சரி என்று போனை வைத்துவிட்டேன். பழையபடி பாறையிடம்தான் போய்க் கத்த வேண்டும்.

அவளுக்கு நீ ஒன்றும் சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன்.

அண்ணன்

*

ஜூலை 29

அண்ணா,

உன் கடிதம் வந்த மறுநாளே பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நீ வருவதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அண்ணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பலகையை எடுத்துவிட்டார்கள், அவர் பார்த்திருப்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் துணியை என்ன செய்வது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். ஓட்டலுக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது. போட்டோக்காரர் தன் கடைச் சுவர்களைச் சுற்றி மாட்டிக்கொள்கிறேன் என்றார். தான் படம் பிடிக்கும் முகங்களுக்குப் பின்னால் இந்த ஊர் இருக்கட்டும் என்று. எல்லோரும் சரி என்றார்கள். உருட்டித் தூக்கிக்கொண்டு தெருவில் போனோம். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அனுமதி வாங்கி எடுத்த மற்ற படங்களைப் பார்த்தார். அந்தப் பச்சையில் விரலை வைத்து, “இங்க என்ன?” என்றார். “நாணல்” என்றேன். “இவ்வளவு நாணல் எதுக்கு?” “அவங்களுக்கு வேணும்னு போட்டாங்க.” இந்த அத்தியாயம் இப்படியே நிற்காது, இன்னொரு பருவம் போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார். ஒரு வருடம் தள்ளிப்போகிறது. வருத்தம்தான். ஆனால் ரயிலில் தூங்கும்போதெல்லாம் கனவில் அந்தத் துணிமேல்தான் படுத்திருந்தேன். எந்தத் தெருவும் எங்கேயும் முடியவில்லை.

அடுத்த தடவை வந்தால் கூடத்துக்கு ஆள் வருமா என்று தெரியாது. வந்து கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தங்கை

*

ஆகஸ்ட் 14

வாலு,

பெரியவள் வந்து சேர்ந்தாள். கரையில் கட்டியிருக்கிறேன். ஓட்டல் ஆட்கள் வரவில்லை. பேருந்தில் வரும் குடும்பங்கள் வருகிறார்கள். பிள்ளைகள் மேல் தளத்தில் ஏறிக் குதிக்கிறார்கள். மோட்டாருக்குச் சத்தம் இல்லாததால் ஒரு மணி வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாடியே அடிக்கிறேன். மற்றப் படகுக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வந்த அன்று அவளிடம், “வடக்கு வளைவுக்குப் போகலை” என்றேன். “ம்” என்றாள். பயணத்தில் என்னென்னவோ பேச வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன், ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். போட்டோக்காரர் கடைக்குப் போய் அந்தத் துணியைப் பார்த்தேன். பச்சைக்கு முன்னால் நிறைய நேரம் நின்றேன். கெட்டியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் கொஞ்ச நாள் எதுவும் இல்லை. போன வெள்ளிக்கிழமை விடியலில் விழிப்பு வந்தது. பக்கத்தில் அவள் இல்லை. கதவை மெதுவாகச் சாத்தும் சத்தம். எனக்கு எழுந்து ஜன்னலுக்காவது போக வேண்டும் போலத்தான் இருந்தது. போகவில்லை. படுத்தே இருந்தேன். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி. வீடே தண்ணீர்மேல் மிதப்பது போல இருந்தது.

ஓட்டலில் மணி அடித்தது. எழுந்து டீ போட்டேன். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றுவிட்டாள், நான் அடுப்படியில் நின்று பார்த்ததில்லையே. டம்ளரைக் கொடுத்தேன். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

“தண்ணி எப்படி இருந்துச்சு?” என்றேன்.

டீயை ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“மேல சில்லுனு இருந்துச்சு. காலை உள்ள விட்டா, அடியில வெதுவெதுன்னு இருக்கும். எப்பவும் அப்படித்தான்” என்றாள்.

வேலைக்கு நேரமாகும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று உனக்கு எழுத மாட்டேன்.

அண்ணன்